5 வோல்ட் பின்னில் 12 வோல்ட் ஏறிய ஊனோ: எது செத்தது, எது பிழைத்தது

போர்டு என் கைக்கு வரும்போதே அதில் ரெகுலேட்டர் (அடாப்டரின் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக இறக்கும் பாகம்) மாற்றப்பட்டிருந்தது. புது ஈயம் பளபளத்தது, சுற்றிலும் ஃப்ளக்ஸ் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. "ரெகுலேட்டர மாத்திப் பாத்துட்டேண்ணே, அப்பவும் உசுரு வரல" என்று தம்பி நீட்டினான். புரோகிராம் ஏற்றி சென்சார், ரிலே எல்லாம் இயக்கப் பயன்படும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டின் வடிவமைப்பை அப்படியே பின்பற்றிய நகல் அது. 28 கால் ஏடிமெகா328பி சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் ரகம். அந்த சாக்கெட் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் தொட்டே இருக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். 12 வோல்ட் அடாப்டரின் பிளஸ் வயர், ரெகுலேட்டருக்குள் நுழையும் வின் பின்னுக்குப் போக வேண்டும். பவர் ஹெடர் என்ற துளைப்பட்டையில் 3.3 வோல்ட், 5 வோல்ட், கிரவுண்டு, இன்னொரு கிரவுண்டு, வின் என்று வரிசை. வின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே இரண்டே துளைகள். ஏற்கெனவே ஏழெட்டு ஜம்பர் வயர்கள் சொருகியிருந்தால் போர்டில் அச்சடித்த எழுத்து கண்ணுக்கே தெரியாது. எண்ணிப் பார்த்துச் சொருகினால் இப்படித்தான் ஆகும். 12 வோல்ட் நேராக 5 வோல்ட் பின்னில் ஏறியது. ஒரு வாடை வந்தது, உடனே பிடுங்கிவிட்டான். அந்த நேரத்தில் யூஎஸ்பி கேபிள் போடவில்லை, அதனால் லேப்டாப் தப்பியது.

ரெகுலேட்டரை மாற்றியதில் அவன்மேல் தப்பில்லை. பவர் பிரச்சினை என்றாலே எல்லோர் கையும் முதலில் அங்கேதான் போகும். ஆனால் தப்பாக ஏறிய கரண்ட் எந்த வழியாக உள்ளே வந்தது, எங்கெல்லாம் போனது என்று வரைந்து பார்த்துவிட்டுத்தான் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டும். வின் வழியாக வந்திருந்தால் 12 வோல்ட் ரெகுலேட்டரைத்தான் முதலில் சந்தித்திருக்கும். ஊனோவில் இருக்கும் என்சிபி1117 ரெகுலேட்டர் 20 வோல்ட் வரை தாங்கும், சூடாகும், அவ்வளவுதான். இங்கே அது நுழைந்தது ரெகுலேட்டரின் வெளியீட்டுப் பக்கம். வாசலில் காவலாளி நிற்க, கொல்லைப்புறமாகப் புகுந்த கதை. ரெகுலேட்டருக்குள் பின்னோக்கிக் கொஞ்சம் கரண்ட் ஓடி உள்ளீட்டுப் பக்கக் கெப்பாசிட்டரை நிரப்பியிருக்கும், அதைத் தாண்டி அங்கே பெரிதாக இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. கழற்றிய பழைய ரெகுலேட்டரை அவன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான். பிரெட்போர்டில் வயர் வைத்து 9 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். 5.01 வோல்ட் வந்தது. நல்லதைக் கழற்றி இன்னொரு நல்லதைப் போட்டிருக்கிறான்.

அப்படியானால் 5 வோல்ட் தடத்தில் தொங்குவது என்னென்ன? முதன்மைச் சிப் 328பி. யூஎஸ்பி பேச்சுக்காக இருக்கும் குட்டிச் சிப் ஏடிமெகா16யூ2. இரண்டு சிப்புக்கும் உச்ச வரம்பு 6 வோல்ட், அதற்கு மேல் எந்த உத்தரவாதமும் கிடையாது. அடுத்து எல்எம்வி358 என்ற எட்டுக் கால் ஐசி, அதுவும் 5 வோல்ட்டை ஒட்டிய வரம்பு கொண்டது. 3.3 வோல்ட் தரும் எல்பி2985 ரெகுலேட்டர் 16 வோல்ட் வரை தாங்கும், ஆகவே அதற்கு 12 ஒன்றுமே இல்லை. பவர் எல்இடிக்கு முன்னால் 1 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, சில விநாடி 10 மில்லிஆம்ப் ஓடியிருக்கும், பிழைத்திருக்கும். போர்டில் 500 மில்லிஆம்ப் தானாக மீளும் ஃபியூஸ் ஒன்று உண்டுதான், ஆனால் அது யூஎஸ்பி வரும் வழியில் மட்டும். தலைகீழ் இணைப்பைத் தடுக்கும் எம்7 டையோடும் வட்ட ஜாக்கோடு சரி, வின் பின்னுக்குக்கூட அந்தக் காவல் கிடையாது. 5 வோல்ட் பின்னுக்கோ ஒரு காவலும் இல்லை.

சரி, மீட்டருக்கு வருவோம். போர்டை எதிலும் சொருகாமல், 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளவு. மீட்டர் வயர்கள் இரண்டையும் முட்டவைத்தால் வரும் 0.3 ஓமைக் கழித்த பிறகு 2.8 ஓம். என் நல்ல ஊனோவில் இதே இடத்தில் வைத்தால் எண் மெதுவாக ஏறி கிலோஓம் கணக்கில் போய் நிற்கிறது. இந்த மாதிரி வேலைக்கு அதே ரகத்தில் ஒரு நல்ல போர்டு பக்கத்தில் இருப்பது எந்தக் கருவியையும்விடப் பெரிய உதவி. இவ்வளவு அப்பட்டமான ஷார்ட் இருக்கும் போர்டைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்க்கவே கூடாது. ஃபியூஸ் காப்பாற்றும் என்று நம்பி யூஎஸ்பி போர்ட்டைப் பணயம் வைக்க வேண்டாம்.

முதலில் 328பியைக் கழற்றினேன். தட்டையான சின்ன ஸ்க்ரூடிரைவரை சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே ஒரு முனையில் அரை மில்லிமீட்டர் நெம்பி, அப்புறம் மறு முனையில் அரை மில்லிமீட்டர், இப்படி மாற்றி மாற்றித் தூக்க வேண்டும். ஒரே பக்கம் நெம்பினால் மறுபக்கக் கால்கள் மடங்கிவிடும். சிப்பின் அடிவயிற்றில் வெடிப்போ கருக்கலோ எதுவும் இல்லை, புதுசு மாதிரியே இருந்தது. 7ஆம் கால் பிளஸ், 8ஆம் கால் கிரவுண்டு. தனியாக அளந்தால் 4 ஓம். செத்த சிப்.

சிப் இல்லாத போர்டை மறுபடி அளந்தேன். மனசுக்குள் ஷார்ட் போயிருக்கும் என்ற எண்ணம். 9.4 ஓம். கணக்குப் போட்டால் இது ஆச்சரியமே இல்லை: 4 ஓமும் 9.4 ஓமும் பக்கவாட்டில் சேர்ந்தால் 2.8தான் வரும். முதலில் பார்த்த ஒற்றை எண்ணுக்குள் இரண்டு பிணங்கள் இருந்திருக்கின்றன. சாக்கெட் சிப்பை மட்டும் மாற்றிவிட்டுப் பவர் கொடுத்திருந்தால், புது சிப்பும் வம்பில் மாட்டியிருக்கும்.

இரண்டாவது எது என்று சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கலாம். தெர்மல் கேமரா என்னிடம் இல்லை. பெஞ்ச் சப்ளையை 2 வோல்ட்டில் வைத்து, கரண்ட் வரம்பை 300 மில்லிஆம்புக்கு இறக்கி, 5 வோல்ட் பின்னில் கொடுத்தேன். 2 வோல்ட்டில் நல்ல ஐசி எதற்கும் கேடு வராது, ஷார்ட் ஆனது மட்டும் சூடாகும். மீட்டரில் 0.2 ஆம்ப் சொச்சம், அதாவது அரை வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷில் தொட்டு போர்டு முழுக்கத் தடவினேன். எல்லா இடமும் ஈரமாக மினுங்கிக்கொண்டிருக்க, யூஎஸ்பி சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சதுரச் சிப்பின் நடுவில் மட்டும் ஒரு புள்ளி காய்ந்தது, அது அகலமாகி ஓரம் வரை வந்தது. 16யூ2தான். விரல் வைத்துப் பார்க்கும் பழக்கத்தைவிட இது நம்பகமானது, விரலும் தப்பிக்கும்.

16யூ2வைக் கழற்றுவதுதான் இந்த வேலையில் எரிச்சலான பகுதி. கால்கள் வெளியே நீட்டாத, அடியில் கிரவுண்டு தகடு ஒட்டிய 5 மில்லிமீட்டர் சதுரம். சால்டரிங் அயர்ன் உதவாது, ஹாட் ஏர் வேண்டும். பக்கத்து ஹெடர்கள், யூஎஸ்பி சாக்கெட், கிரிஸ்டல் எல்லாவற்றையும் சூடு தாங்கும் காப்டான் டேப்பால் மூடினேன். நாலு ஓரத்திலும் ஃப்ளக்ஸ். 350 டிகிரி, காற்று நடுத்தர வேகம், முதலில் தூரத்திலிருந்து வட்டமாகச் சுற்றிப் போர்டைச் சூடேற்றி, பிறகு கிட்டே. அடித்தகடு சூட்டைப் போர்டின் செப்புக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் ஓரத்து ஈயம் உருகிப் பளபளத்த பிறகும் சிப் அசையாது. அந்த நேரத்தில் நெம்பினால் போர்டின் தடங்களும் கூடவே உரிந்து வரும். ட்வீஸரால் லேசாகத் தட்டினால் சிப் மிதந்து தானாகத் திரும்பி வர வேண்டும், அதுதான் தூக்கும் நேரம். வந்தது. டேப் சரியாக மூடாத ஒரு மூலையில் ஹெடரின் பிளாஸ்டிக் இளகி, ஏஆர்இஎஃப் துளை கொஞ்சம் கோணிக்கொண்டது. சூடு ஆறுவதற்குள் ஒரு பின்னைச் சொருகி நேராக்கி வைத்தேன்.

இப்போது அளவு 700 ஓம். ஷார்ட் போய்விட்டதே என்ற நிம்மதியில், நல்ல போர்டில் கிலோஓம் வந்தது, இங்கே ஏன் 700 என்று துருவவில்லை. அது பின்னால் வந்து நின்றது.

புது 16யூ2 போடலாமா என்று யோசித்தேன். போட்டால் அதற்கும் தனியாக ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும், அந்தச் சதுரத்தை ஒழுங்காக உட்காரவைக்கவும் வேண்டும். அதற்குப் பதில் யூஎஸ்பி-சீரியல் மாட்யூல் ஒன்றை வெளியிலிருந்து வைத்துக்கொண்டால் போதும், மற்ற வேலைகளுக்கும் ஆகும். சதுரத்தைக் காலியாகவே விட்டேன்.

5 வோல்ட் பின்னில் 5 வோல்ட், வரம்பு 100 மில்லிஆம்ப். பச்சை எல்இடி எரிந்தது, இழுப்பு 15 மில்லிஆம்புக்குள். 3.3 வோல்ட் பின்னில் 3.29. எல்பி2985 சொன்னபடி பிழைத்திருந்தது. புதிய சென்சாரை மாட்டுவதற்கு முன் இந்தப் பின்னை அளப்பதைத் தவிர்க்கவே கூடாது. சில நகல் போர்டுகளில் 3.3 வோல்ட்டுக்கு 6 வோல்ட்டோடு நின்றுவிடும் குட்டி ரெகுலேட்டரைப் போட்டிருப்பார்கள். அது உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் 3.3 பின்னில் 5 வோல்ட் வந்துகொண்டிருக்கும், போர்டு மட்டும் நன்றாக ஓடும்.

அடுத்தது புது 328பி. தொழிற்சாலையிலிருந்து வரும் வெற்றுச் சிப் உள் கடிகாரத்தில் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும், சீரியல் வழியாக வரும் புரோகிராமைச் சிப்பில் எழுதும் குட்டி நிரலான பூட்லோடரும் இருக்காது. என் நல்ல ஊனோவில் ஆர்டுயினோ ஐஎஸ்பி என்ற ஸ்கெட்சை (ஆர்டுயினோ புரோகிராமை ஸ்கெட்ச் என்பார்கள்) ஏற்றி அதை புரோகிராமர் ஆக்கினேன். அதன் 11, 12, 13 பின்கள் பழுதான போர்டின் முதன்மைச் சிப்புக்கான 6 பின் ஐஎஸ்பி ஹெடருக்கு, 10ஆம் பின் ரீசெட்டுக்கு, கூடவே 5 வோல்ட்டும் கிரவுண்டும். ஸ்கெட்ச் ஏற்றி முடித்த பிறகு புரோகிராமர் போர்டின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மைனஸ் கால் கிரவுண்டு பக்கம். இது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பேச ஆரம்பித்ததுமே புரோகிராமர் போர்டு ரீசெட் ஆகி, அதன் சொந்தப் பூட்லோடர் விழித்துக்கொண்டு வேலையைக் கெடுக்கும்.

'பர்ன் பூட்லோடர்' கொடுத்தேன். சிப்பின் அடையாள எண்ணான சிக்னேச்சர் எல்லாம் பூஜ்யம். 328பிக்கு 1ஈ 95 0எஃப் என்று வர வேண்டும். பி இல்லாத வெறும் 328 என்றால் கடைசி எண் 14 என்று வரும், அது வேறு தலைவலி. எல்லாமே பூஜ்யம் என்றால் சிப் பதிலே சொல்லவில்லை என்று பொருள், அநேகமாக இணைப்புதான். வயர்களை எல்லாம் மாற்றிச் சொருகிய பிறகு சிப்பைப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், 18ஆம் கால் சாக்கெட்டுக்குள் இறங்காமல் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறது. சிப் பதில் சொல்லும் வழியே அந்தக் கால்தான். புது சிப்பின் கால்கள் எப்போதும் கொஞ்சம் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். சொருகும் முன் சிப்பை மேசைமேல் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு வரிசைக் கால்களை மொத்தமாக அழுத்தி நேராக்க வேண்டும், பின் மறு வரிசை. மூக்குக் குறடால் அந்தக் காலை நேராக்கிச் சொருகியதும் சிக்னேச்சர் சரியாக வந்தது. ஃபியூஸ்கள் (எரியும் ஃபியூஸ் இல்லை, சிப்பின் அமைப்பு எண்கள்) ஊனோவுக்கான எஃப்எஃப், டிஈ, எஃப்டி என்று பதிந்தன, ஆப்டிபூட் என்ற பூட்லோடரும் ஏறியது.

சீரியல் மாட்யூலின் டிஎக்ஸ் போர்டின் 0ஆம் பின்னுக்கு, ஆர்எக்ஸ் 1ஆம் பின்னுக்கு. புரோகிராம் ஏற்றும் முன் போர்டு தானாக ரீசெட் ஆக, மாட்யூலின் டிடிஆர் பின்னிலிருந்து 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ரீசெட்டுக்கு. போர்டில் ஏற்கெனவே இதே வேலைக்கு ஒரு கெப்பாசிட்டர் உண்டு, ஆனால் அது 16யூ2 பக்கம் போகும் தடத்தில் இருப்பதால் வெளியில் தனியாக ஒன்று வேண்டும். எல்இடியைச் சிமிட்டவைக்கும் பிளிங்க் ஸ்கெட்ச் பிழையில்லாமல் ஏறியது. எல் என்று எழுதிய எல்இடி மட்டும் சிமிட்டவே இல்லை.

புது சிப்பிலேயே கோளாறோ என்று பூட்லோடரை மறுபடி ஏற்றிப் பார்த்தேன், அப்போதும் அதே கதை. கடைசியில் 13ஆம் பின்னில் மீட்டரை வைத்தபோது அது விநாடிக்கொரு முறை 0, 5 என்று ஒழுங்காகத் தாவிக்கொண்டிருந்தது. சிப்பில் ஒரு குறையும் இல்லை. ஊனோ ஆர்3இல் எல் எல்இடி நேரடியாக 13ஆம் பின்னோடு இணைக்கப்படவில்லை, எல்எம்வி358இன் ஒரு பாதி வழியாகத்தான் ஓட்டப்படுகிறது. அந்த ஐசியின் 5ஆம் காலில் 0, 5 வருகிறது. 7ஆம் காலில் அசையாமல் 1.1 வோல்ட். தொட்டால் இளஞ்சூடு. அந்த 700 ஓமின் பதில் இதுதான்: முழு ஷார்ட் ஆகாமல், பாதி உயிரோடு கசிந்துகொண்டிருந்த மூன்றாவது சிப்.

இதை எல்இடி விவகாரம்தானே என்று விடவும் முடியாது. அதே ஐசியின் மறு பாதிதான் வின்னில் வரும் மின்னழுத்தத்தில் பாதியை எடுத்து 3.3 வோல்ட்டோடு ஒப்பிட்டு, வெளி அடாப்டர் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் யூஎஸ்பியின் 5 வோல்ட்டைப் போர்டிலிருந்து மாஸ்ஃபெட் என்ற மின்சுவிட்ச் மூலம் துண்டிக்கும். அது பைத்தியம் பிடித்து நின்றால் அடாப்டரின் 5 வோல்ட்டும் கம்ப்யூட்டரின் 5 வோல்ட்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நிற்கும். ஆகவே எல்எம்வி358ஐ ஹாட் ஏரில் எடுத்தேன். அதை எடுத்தால் மாஸ்ஃபெட்டின் கேட் (அதை இயக்கும் கால்) அந்தரத்தில் தொங்கும், அதனால் மாஸ்ஃபெட்டையும் எடுத்துவிட்டேன். யூஎஸ்பி சாக்கெட்டுக்கு இனி போர்டோடு சம்பந்தமே இல்லை. யாரும் மறதியாகக் கேபிளைச் சொருகாமலிருக்க அதன் வாயில் டேப் ஒட்டினேன். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இப்போது நல்ல போர்டு மாதிரியே கிலோஓமுக்கு ஏறியது. 13ஆம் பின்னில் 1 கிலோஓம் ரெசிஸ்டரோடு வெளியே ஒரு எல்இடி வைத்தேன், சிமிட்டியது.

கடைசியாகச் சுமை. வட்ட ஜாக்கில் 9 வோல்ட் கொடுத்து, 5 வோல்ட் பின்னில் 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டரைக் கால்மணி நேரம் தொங்கவிட்டேன். 4.98 வோல்ட்டில் அசையாமல் நின்றது, ரெகுலேட்டரைத் தொட முடிந்தது. தம்பி மாற்றிய ரெகுலேட்டரின் ஈயம் நன்றாகத்தான் பிடித்திருந்தது என்று இதில் தெரிந்தது.

போர்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு உடனே பழைய வயர்களை எல்லாம் சொருகப் போனான். அவனை நிறுத்தி, ஒவ்வொன்றாக பெஞ்ச் சப்ளையில் போட்டோம். போர்டின் 5 வோல்ட் பின்னில் ஏறிய 12 வோல்ட், அதே பின்னிலிருந்து பவர் எடுத்துக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும்தானே போயிருக்கும். ரிலே மாட்யூல் கிளிக் கிளிக் என்று வேலை செய்தது. எல்சிடியைப் போட்டதும் சப்ளை வரம்பில் போய் முட்டி மின்னழுத்தம் விழுந்தது. எல்சிடியின் முதுகில் ஒட்டி, அதை இரண்டே பின்களில் பேசவைக்கும் ஐ2சி குட்டிப் போர்டின் ஐசி போயிருந்தது. அந்தக் குட்டிப் போர்டைக் கழற்றிவிட்டு எல்சிடியை நேரடியாக 4 பிட் முறையில் இணைத்ததில் எழுத்து வந்தது, இரண்டுக்குப் பதில் ஆறு பின்கள் செலவு.

செலவுக் கணக்கு: ஒரு சிப், ஒரு சீரியல் மாட்யூல், இரண்டு கெப்பாசிட்டர். மாட்யூலைத் தனிக் கணக்கில் எழுதினால் புது நகல் போர்டைவிட மலிவு. நேரத்தையும் சேர்த்தால் நட்டம். சாக்கெட் இல்லாத, எல்லாமே ஒட்டிய ரகம் என்றால் முதல் ஓம் அளவைப் பார்த்ததுமே ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிது வாங்கச் சொல்லியிருப்பேன்.

மறுபடி இது நடக்காமலிருக்க 5 வோல்ட் தடத்தில், மிகையான மின்னழுத்தத்தை விழுங்கும் டிவிஎஸ் டையோடு போடலாமே என்று தம்பி கேட்டான். பலரும் போடுகிற எஸ்எம்பிஜே5.0ஏ எண்ணைப் பார்த்தால், அது 6.4 வோல்ட்டுக்கு மேல்தான் திறக்கவே ஆரம்பிக்கும், முழு வேகத்தில் 9.2 வோல்ட் வரை விட்டுவிடும். 6 வோல்ட் வரம்புள்ள சிப்புக்கு அது காவல் இல்லை. முன்னால் ஒரு ஃபியூஸும் இல்லையென்றால் 12 வோல்ட் அடாப்டர் அந்த டையோடையே எரித்துவிடும். ஃபியூஸோடு ஜீனரும் தைரிஸ்டரும் வைத்து உடனடியாக ஷார்ட் அடிக்கும் சர்க்யூட் கட்டினால் வேலை செய்யும், ஆனால் ஒரே ஒரு பழகும் போர்டுக்கு அது அதிகம். 12 வோல்ட்டை வட்ட ஜாக் வழியாக மட்டும் கொடுப்பது என்று முடிவு செய்தோம், அதில் தப்பாகச் சொருக வழியே இல்லை, எம்7 டையோடின் காவலும் கிடைக்கும். சென்சார்களுக்கு 5 வோல்ட் வேண்டுமென்பதால் அந்தத் துளையை அடைக்க முடியாது. சிவப்பு வயர் ஒன்றை அதில் சொருகி, சூடான பசையால் நிரந்தரமாக ஒட்டி, மறுமுனையை மூன்று துளை ஸ்க்ரூ டெர்மினலுக்குக் கொண்டுபோனோம். வின் துளையில் வெட்டிய ஹெடர் பின் ஒன்றைத் தள்ளி அதன்மேலும் பசை வைத்தாயிற்று.